சமயத்தைப் படிக்க வெளிநாடு போகலாமா? பேச்சு வீட்டுப் பத்திரம் வரை வந்துவிட்டது

குடந்தைப்பெண்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வயது 27. பி.இ. முடித்துவிட்டு சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் மனசு முழுக்க வேறு இடத்தில் இருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்பு முடித்தேன், தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் எழுதித் தேறினேன், இப்போது ஓர் ஓதுவார் ஐயாவிடம் பண்ணோடு தேவாரம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மண்டையைக் குடையும் கேள்வி ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட பிடாரர்கள் என்ற 48 பாடகர்களையும், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என்று இன்னும் இருவரையும் வைத்து, ஆளுக்குத் தினம் முக்குறுணி (குறுணி என்பது பழைய முகத்தல் அளவு) நெல் என்று ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அந்த முக்குறுணி நெல்லுக்கும் இன்றைக்கு அறநிலையத் துறை கொடுக்கும் ஓதுவார் சம்பளத்துக்கும் நடுவில் ஆயிரம் வருடம் இருக்கிறது. அந்த ஆயிரம் வருடத்தில் யார் பாடினார்கள், யாருக்குப் பாட இடம் இல்லாமல் போனது, பெண்கள் எங்கே போனார்கள், 2021இல் பெண் ஓதுவாரை நியமித்தபோது ஏன் அது தலைப்புச் செய்தி ஆனது? இதை ஒழுங்காக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை இல்லை. கட்டணம், தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து 35 லட்சம் கடன் வாங்க வேண்டும், அதற்கு அப்பாவின் வீட்டுப் பத்திரம்தான் அடமானம். அப்பா கேட்டது ஒரே கேள்வி: “தேவாரம் படிக்க லண்டன் எதுக்கும்மா?” என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள், இருந்து விலகியவர்கள், யாராக இருந்தாலும் மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மற்றவர்கள் தத்துவம் பேசுவதற்குள் நான் கணக்கைப் போட்டுவிடுகிறேன். 35 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை 48 ஆயிரத்துச் சொச்சம். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதையும் அசலோடு சேர்த்தால் 50 தாண்டும். படித்து முடித்து ஊருக்கு வந்து கல்லூரியில் கெளரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் வாங்குகிற சம்பளம் தவணைக்கே காணாது.

சரி, அங்கேயே வேலை பார்க்கலாம் என்றால்: படிப்பு முடிந்ததும் கிடைக்கும் கிராஜுவேட் விசா இப்போது 2 வருடம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு தங்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா வேண்டும், அதற்கான பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலை முதல் 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டுதான், ஆனால் சமய ஆய்வில் மாஸ்டர்ஸ் முடித்த பிள்ளைக்கு அந்தச் சலுகைச் சம்பளத்தையாவது எந்த நிறுவனம் கொடுக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பழையபடி டெஸ்டிங் வேலைக்குத்தான் போக வேண்டும், அதற்கு இங்கேயே இருக்கலாமே.

படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிப் படிக்கும் படிப்பு இது இல்லை.

திண்ணைவாத்தியார்:

கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கு சரி. ஆனால் அப்பா கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒரு துறை, சமணவியலுக்கு ஒன்று, கிறித்தவ இயலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. அருமையான அறிஞர்கள் இருந்த இடங்கள். ஆனால் ஏற்பாட்டைக் கவனியுங்கள். அவரவர் சமயத்தை அவரவரே பெரும்பாலும் படிக்கிறார்கள், ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரிடம் போய் “உங்களுடைய பக்தி எப்படி நிறுவனமாக மாறியது” என்று கேட்கும் சந்தர்ப்பம் குறைவு. வெளிநாட்டில் சமய ஆய்வுத் துறை என்று சொல்வதன் அடிப்படையே வேறு. அமெரிக்காவில் 1963இல் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பை நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதே, சமயத்தைப் பற்றி நடுநிலையாகக் கற்பிப்பதற்குத் தடை இல்லை என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைகள் பெருகின. இங்கிலாந்தில் நினியன் ஸ்மார்ட் லாங்காஸ்டரில் 1967இல் துறையைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான்.

அதனால் அப்பாவிடம் இப்படிச் சொல்லலாம்: தேவாரம் படிக்கப் போகவில்லை, தேவாரத்தைப் பாடியவர்களின் கதையை வெளியிலிருந்து பார்க்கப் பழகப் போகிறேன். ஆனால் பெண்ணே, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் உன் பக்திக்கு மதிப்பெண் கிடையாது. ஞானசம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்த கதையை இந்தக் கதை எப்போது, யாருக்காகச் சொல்லப்பட்டது என்று கேட்பார்கள். நீ கோபப்படாமல் அந்தக் கேள்வியோடு ஒரு மாதம் இருக்க முடியுமா?

சிவனடிமை63:

நம் சமயத்தை நம் நூல்களிலிருந்து நம் குருமார்களிடம் கற்காமல் வெள்ளைக்காரனிடம் போய் 35 லட்சம் கொடுத்துக் கற்க வேண்டுமா? அங்கே உட்கார்ந்து நம் தெய்வங்களைப் பற்றி என்னவெல்லாம் எழுதுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தில் நான்கு கோயிலில் ஓதுவாருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

ஓலைப்பெட்டி:

சிவனடிமை ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அதே வெள்ளைக்காரர்களில் ஒருவரான போப் ஐயர்தான் ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இன்னொரு பக்கம் பாருங்கள்: புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இல் தொடங்கியது, அங்கே சைவ ஆகமச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்தார்கள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பு ஏறியது. தி. வே. கோபாலையர் தேவாரப் பதிப்பைச் செய்ததும் அந்த நிறுவனத்தில்தான். பிரெஞ்சுக்காரர் காசு, தமிழ்ப் புலவர் உழைப்பு. யார் யாரிடம் கற்றார்கள் என்று பிரிக்கவே முடியாது.

இனி குடந்தைப்பெண்ணுக்கு. நான் அமெரிக்காவில் நடுமேற்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கிறேன், சமய ஆய்வில்தான். முதலில் பணம். இங்கே பெரிய பல்கலைக்கழகங்களில் பி.எச்டி. என்றால் கட்டணம் தள்ளுபடி, அதோடு மாதச் செலவுக்குப் பணமும் தருவார்கள், பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும். மாஸ்டர்ஸ் அப்படி இல்லை, பெரும்பாலும் கைக்காசு. ஹார்வர்டு டிவினிட்டி ஸ்கூல் மாதிரி சில இடங்களில் மாஸ்டர்ஸுக்கே குடும்ப வருமானம் பார்த்து உதவி உண்டு. எம்.டி.எஸ். என்று 2 வருடப் படிப்பு, அதில் இந்து, பெளத்த மரபுகளும் படிக்கலாம். மணிமேகலையையும் வீரசோழியத்தையும் ஆராய்ந்த ஆன் மோனியஸ் அங்கேதான் இருந்தார், 2019இல் காலமானார். திருவாய்மொழியில் ஊறிய பிரான்சிஸ் குளூனி ஒரு சேசு சபைப் பாதிரியார், அவரும் அங்கே பல வருடம் கற்பித்தவர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் யார்? கோயில் கல்வெட்டுகளில் பெண்களைத் தேடிய லெஸ்லி ஓர், கான்கார்டியா, மாண்ட்ரியால். தேவாரத்தை மொழிபெயர்த்த இந்திரா பீட்டர்சன். தேவதாசிகள் பற்றி எழுதிய தேவேஷ் சோனேஜி, பென்சில்வேனியா. இவர்கள் எழுதியதை வாசித்தீர்களா? இல்லை என்றால் இடம் கிடைத்தது பெரிய விஷயமே இல்லை, முதலில் அதை வாசியுங்கள்.

வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முதல் பருவத்தில் ஒரு தமிழ் வரிகூடப் படிக்கவில்லை. டுர்க்கைம், வெபர், தலால் அசத் என்று சமயக் கோட்பாட்டாளர்கள்தான், வாரத்துக்கு ஒரு புத்தகம், “சமயம் என்று நாம் எதைச் சொல்கிறோம்” என்று மூன்று மணி நேர விவாதம். தேவாரம் தேவாரம் என்று ஏங்கிக்கொண்டு வந்தவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அப்புறம் பிடித்துப்போனது, ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஜெர்மன், பிரெஞ்சு இரண்டில் வாசிக்கும் அளவாவது தெரிய வேண்டும் என்பது பல இடங்களில் கட்டாயம். சமஸ்கிருதம் கேட்பார்கள், அது இல்லாமல் சைவ ஆகமம் பக்கம் போக முடியாது.

இன்னொன்று, தமிழ் தெரிந்த உங்களுக்கு ஒரு பெரிய முதல் கையில் இருக்கிறது. என்னோடு படிக்கும் அமெரிக்கப் பையன் மதுரையில் தங்கித் தமிழ் படித்து, அகராதியும் கையுமாக ஒரு பதிகம் வாசிக்கத் திணறுவான். நீங்கள் பாடவே செய்கிறீர்கள். ஆனால் அவன் ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட்டு வாசிப்பான், நாம் மனப்பாடத்தில் ஓடிவிடுவோம். பேராசிரியருக்கு அவன் வாசிப்புதான் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை:

ஓலைப்பெட்டி அக்கா, விசா பற்றியும் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி எத்தனை மாதம்?

ஓலைப்பெட்டி:

12 மாதம். கணினி, பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு சமய ஆய்வுக்குக் கிடையாது. 2025 நடுவில் மாணவர் விசா நேர்காணலையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள், பிறகு சமூக ஊடகக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. இங்கே பேராசிரியர் வேலை கிடைக்கும் என்று நம்பி யாரும் வர வேண்டாம். அமெரிக்கச் சமய ஆய்வுக் கழகத்தின் மாநாடு ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கிறது, அங்கே போனால் வேலை தேடுகிற முனைவர்களின் முகத்தைப் பார்த்தாலே நிலைமை விளங்கிவிடும். அதே கழகத்துக்கு நம் வசுதா நாராயணன் தலைவராக இருந்திருக்கிறார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

வடக்குவீதி:

நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோவில். எங்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் வேறு மாதிரி. இலங்கையில் சாதாரண தரம் வரைக்கும் சமயம் கட்டாய பாடம், நாங்கள் எல்லோரும் சைவசமயப் புத்தகத்தோடு வளர்ந்த ஆட்கள். உயர்தரத்தில் இந்து நாகரிகம் ஒரு பாடம், யாழ் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு துறையே இருக்கிறது, நான் அங்கேதான் படித்தேன். படித்து முடித்தால் ஆசிரியர் நியமனம் என்று ஒரு வழி கண்ணுக்குத் தெரியும். உங்கள் நாட்டில் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை, அதனால் ஆசிரியர் வேலையும் இல்லை. தங்கச்சிக்கு இருக்கும் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இங்கே வந்தபிறகு நான் கண்டது ஒன்று. கோயிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஐயர் மந்திரம் சொல்லுவார், பெற்றோர் “அப்படித்தான் பிள்ளை, கும்பிடு” என்பார்கள். பல்கலைக்கழகத்தில் இந்து சமயம் பற்றி ஒரு வகுப்பு என்றால் எங்கள் பிள்ளைகள் வந்து நிறைகிறார்கள், கற்பிக்கிறவர் தமிழர் இல்லாவிட்டாலும் தன் தாய் தகப்பன் செய்வதற்கு ஒரு விளக்கம் கிடைக்காதா என்று வருகிறார்கள். டொராண்டோவில் ஸ்ரீலதா ராமன் வள்ளலாரை ஆராய்கிறார், ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு எங்கள் சனம் காசு சேர்த்துக் கொடுத்தது. வேலை எத்தனை பேருக்கு என்று கேட்டால், விரல் விட்டு எண்ணலாம். நானே குடியேறுபவர்களுக்கு உதவும் அலுவலகம் ஒன்றில்தான் இருக்கிறேன். ஆனால் படித்தது அங்கே தினமும் உதவுகிறது, சோமாலியரோடும் சிரியரோடும் கதைக்கும்போது அவர்கள் நோன்பு, பெருநாள், சாவு வீட்டு முறை பற்றி எனக்குக் கொஞ்சம் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

காயல்காற்று:

ஸலாம். இந்த இழையில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. என் சின்னம்மா மகன் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தான். 1961இல் தொடங்கிய பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவர்தான் நிறைய. கட்டணம் இல்லை, தங்குமிடம் உண்டு, மாத உதவித்தொகை உண்டு, விமான டிக்கெட்டும் அவர்களே. வீட்டில் ஒரு ரூபாய் கடன் இல்லை. என் கூட வேலை பார்த்த தூத்துக்குடி நண்பரின் அண்ணன் பாதிரியார், அவரை மறைமாவட்டமே பெல்ஜியத்தில் லூவனுக்கு அனுப்பி இறையியல் படிக்க வைத்தது. ரோமுக்குப் போகிறவர்களும் அப்படித்தான்.

அதாவது நம்பிக்கைக்கு உள்ளே நின்று படிக்கிறவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறது. படித்து வந்ததும் அவருக்கு ஒரு வேலையும் காத்திருக்கிறது, ஜமாஅத்திலோ மதரஸாவிலோ குருமடத்திலோ. குடந்தைப்பெண்ணுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? ஆதீனங்களுக்கு நிலம் இருக்கிறது, மடம் இருக்கிறது, ஒரு பெண்ணை ஆராய்ச்சிக்கு வெளிநாடு அனுப்புமா? சிவனடிமை ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும், சண்டைக்குக் கேட்கவில்லை.

சிவனடிமை63:

நியாயமான கேள்வி. அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அனுப்ப வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன், ஆனால் அனுப்பினால் திரும்பி வந்து மடத்தைப் பற்றியே விமர்சனம் எழுதுவார்களோ என்ற பயம் இருக்கும்தானே. மகளே, நீ கேட்கிற கேள்விகளில் “யாருக்குப் பாட இடம் இல்லாமல் போனது” என்ற கேள்வி மடங்களுக்கு அவ்வளவு இனிக்காது.

குடந்தைப்பெண்:

தெரியும் ஐயா. அதனால்தான் அவர்களிடம் நான் கேட்கவே இல்லை.

திண்ணைவாத்தியார் கேட்டதற்கு: ஒரு மாதம் என்ன, இந்தக் கேள்விகளோடு வருடக்கணக்கில் இருக்கிறேன். காலையில் பதிகம் பாடும்போது பால் கொடுத்தது நிஜம், மாலையில் கல்வெட்டுத் தொகுதியைத் திறந்தால் அது கதை. இரண்டும் எனக்குள் அடித்துக்கொள்ளவில்லை.

பெரியம்மா ஒரு யோசனை சொன்னார்: கல்யாணத்தை முடித்துவிட்டு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, அவர் அங்கே வேலை பார்த்துக் கடனை அடைக்கட்டும். அது நடக்குமா?

கணக்குப்பிள்ளை:

நடக்காது. 2024 ஜனவரியிலிருந்து வகுப்பு சார்ந்த மாஸ்டர்ஸ் படிக்கிறவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் கூட்டிப் போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு உண்டு. பெரியம்மாவிடம் பிரிட்டிஷ் அரசாங்கமே மாப்பிள்ளை வேண்டாம் என்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

நெக்கார்க்கரை:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும், இங்கே தேர்வு நேரம். ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் படிக்கிறேன், நடுவில் ஹாம்பர்க்கில் ஒரு பருவம் போய் இருந்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இங்கிலாந்தை விட இந்தப் பக்கம்தான் பொருந்தும் என்று பட்டது.

ஜெர்மனியில் இறையியல் பீடம் வேறு, சமயவியல் துறை வேறு. இறையியல் பீடத்தில் திருச்சபைக்கு ஒரு பிடி உண்டு. ட்யூபிங்கனில் ஹான்ஸ் கியூங் போப்பாண்டவர் போதனையில் தவற மாட்டார் என்ற கோட்பாட்டைக் கேள்வி கேட்டார் என்று 1979இல் வத்திக்கான் அவருடைய கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் அனுமதியைப் பறித்தது. பல்கலைக்கழகம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, பீடத்துக்கு வெளியே வைத்துக்கொண்டது. நீங்கள் பார்க்க வேண்டியது சமயவியல், அல்லது இந்தியவியல். உங்கள் கேள்விக்கு இந்தியவியல் இன்னும் நெருக்கம்.

ஹாம்பர்க்கில் எவா வில்டன் தமிழ் எடுக்கிறார், சுவடிப் பண்பாடுகளுக்கென்று ஒரு பெரிய ஆய்வு மையமே அங்கே இருக்கிறது. ஒரு வகுப்பு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், திரையில் ஒரு ஓலையின் படம். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, கால் எது ரகரம் எது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு இத்தாலியப் பெண் ஒரு மாதிரி வாசிக்கிறாள், இன்னொருவர் யாப்பு தட்டுகிறது என்கிறார், நான் “இது எங்கள் வீட்டில் பாடுகிற பாட்டு, இப்படித்தான் வரும்” என்கிறேன். “வீட்டில் பாடுவது இருக்கட்டும், இந்த ஓலையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் தாண்டியது நாலு வரி. இது பிடிக்கும் என்றால் வாருங்கள், பிடிக்காது என்றால் எந்த நாட்டுக்கும் போகாதீர்கள்.

பணம்: ஹாம்பர்க்கில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும், அதில் பஸ் ரயில் பாஸும் அடங்கும். ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் மட்டும் 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், அது உங்கள் பணம்தான், மாதம் 992 வீதம் திரும்ப எடுத்துச் செலவழிக்கலாம். 35 லட்சத்தோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் உங்கள் சேமிப்பிலேயே வரக்கூடும். 2022 நவம்பரிலிருந்து நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் இந்திய மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது, அதற்கு 18 ஆயிரம் ரூபாய்.

முள் எங்கே என்றால், இங்கே மாஸ்டர்ஸுக்கு அதே துறை இளங்கலை கேட்பார்கள். பி.இ.யை வைத்துக்கொண்டு இந்தியவியல் என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். எம்.ஏ. தத்துவம் உங்களைக் காப்பாற்றலாம், தாள் தாளாகப் பார்த்து மதிப்பிடுவார்கள். அப்புறம் ஜெர்மன். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் ரொட்டி வாங்கவும் வீடு தேடவும் ஜெர்மன் இல்லாமல் நாய்படாத பாடு.

சேலத்துச்செல்வன்:

உதவித்தொகை பற்றி ஒரு எச்சரிக்கை, வேறு யாராவது இந்த இழையைப் படித்தால் பயன்படும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கு முக்கியமானது. 2022 வழிகாட்டுதலில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா சார்ந்த சமூக ஆய்வு இவற்றை வெளிநாட்டில் போய்ப் படிக்க இந்தப் பணம் கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். காரணம், இதெல்லாம் இங்கேயே படிக்கலாமாம். கோயிலுக்குள் விடாதவர்களின் பிள்ளை அந்தக் கோயிலின் வரலாற்றை ஆக்ஸ்போர்டில் போய் ஆராய நினைத்தால் கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் தனி, அதன் விதிகளைத் தனியாகப் பாருங்கள்.

குடந்தைப்பெண்:

எனக்கு அது பொருந்தாது, நான் பி.சி. ஆனால் படித்ததும் கொதித்துவிட்டது.

திண்ணைவாத்தியார்:

பொதுவாக எல்லோரும் விண்ணப்பிக்கக்கூடிய உதவித்தொகைகள்: செவனிங், பிரிட்டிஷ் அரசு கொடுப்பது, இதற்கு 2 வருட வேலை அனுபவம் வேண்டும், உனக்கு இருக்கிறது, படித்ததும் 2 வருடம் ஊரில் இருக்க வேண்டும். பெலிக்ஸ், இது ஆக்ஸ்போர்டு, சோவாஸ், ரீடிங் என்ற மூன்று பல்கலைக்கழகங்களுக்கு, முதல் வகுப்பு எடுத்தவர்களுக்கு. இன்லாக்ஸ். எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், இந்த வருடச் சேர்க்கைக்குக் காலம் கடந்துவிட்டது. அதனால் அந்த இடத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுது. பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

தள்ளும்போது ஒன்றை விசாரி: அந்தத் துறை அடுத்த வருடம் இருக்குமா? கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் ஆட்குறைப்பு அறிவித்தபோது மூட நினைத்த துறைகளில் சமயமும் இறையியலும் இருந்தது. பிரிட்டனில் இந்தப் பாடங்களுக்கு இப்போது நல்ல காலம் இல்லை.

வடக்குவீதி:

நான் ஒரு விதத்தில் இவர்களோடு முரண்படுகிறேன். எல்லோரும் பொறு பொறு என்கிறீர்கள். 27 வயதுப் பெண் ஒரு வருடம் பொறுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுத்த வருடம் இந்த இழையில் கல்யாணப் பத்திரிகைதான் வரும். கையில் இடம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் மற்றது தானாக நடக்கும். நான் அப்படித்தான் புறப்பட்டனான்.

ஓலைப்பெட்டி:

அக்கா, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும்போது அந்தப் பெண்ணால் அங்கே நிம்மதியாக ஒரு கட்டுரை எழுத முடியுமா? படிப்பு நடக்கும் ஒரு வருடத்தில் பாதி நாள் கடையில் வேலை பார்ப்பாள். ஒரு வருட மாஸ்டர்ஸ் என்பது உண்மையில் ஒன்பது மாத வகுப்பும் ஒரு ஆய்வேடும்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கல்யாணப் பேச்சை நிறுத்த “அடுத்த வருடம் ஜெர்மனி, தேதி குறித்தாயிற்று” என்ற பதிலே போதும், கடன் வேண்டாம்.

நடுவில் புதுச்சேரிக்குப் போங்கள். பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையத்திலும் பண்டிதர்கள் இருக்கிறார்கள். கோடை காலத்தில் செவ்வியல் தமிழ்க் கருத்தரங்கு என்று அங்கே பல வருடம் நடந்திருக்கிறது, உலகத்தின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்து ஒரே பாட்டை வாசிப்பார்கள். நெக்கார்க்கரை சொன்ன வாசிப்பு அங்கே கிடைக்கும், கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவர்களை அங்கேதான் சந்திப்பீர்கள். டெஸ்டிங் மேனேஜர் எழுதும் கடிதத்தை வைத்துச் சுவடி படிக்க யாரும் இடம் தர மாட்டார்கள்.

குடந்தைப்பெண்:

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, ஆனால் இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முக்குறுணி நெல் இப்போது எவ்வளவு விலை என்று கேட்டார், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்திரம் பீரோவுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

இங்கிலாந்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். செவனிங் ஆகஸ்டில் திறக்கும்போது போடுவேன், கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுவேன். நுங்கம்பாக்கம் மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் முதல் நிலைக்கு மாலை வகுப்பில் சேர்கிறேன். சமயங்களை ஒப்பிட்டுப் படிக்கும் துறைக்கே அடிபோட்டவர்களில் ஒருவர் மேக்ஸ் முல்லர், இந்தியாவுக்கு வராமலே வேதத்தைப் பதிப்பித்தவர், அவர் பெயர் போட்ட கட்டடத்தில் நான் ஜெர்மன் எழுத்துக் கூட்டப் போகிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வடக்குவீதி அக்கா, பத்திரிகை வராது. பெரியம்மாவிடம் பேசிவிட்டேன்.

நெக்கார்க்கரைக்கு ஒரு கேள்வி: எம்.ஏ. நான் தமிழ் வழியில் எழுதியது, பாடத்திட்டம் தமிழில்தான் இருக்கிறது. மொழிபெயர்த்து நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் ஏற்பார்களா?

நெக்கார்க்கரை:

நோட்டரி முத்திரையை நம்ப வேண்டாம். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததைத்தான் பல இடங்களில் கேட்கிறார்கள். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்திடமே ஆங்கிலப் பாடத்திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும், அதில் பதிவாளர் கையெழுத்து வாங்கிவிட்டால் செலவு மிச்சம். எத்தனை மணி நேரம், எத்தனை தாள் என்ற விவரம் ஒவ்வொரு பாடத்துக்கும் வேண்டும். இதெல்லாம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும், ஏ.பி.எஸ்.ஸுக்கும் சில வாரம் பிடிக்கும், அதனால் ஜெர்மன் வகுப்பில் சேருகிற அதே வாரத்தில் இதையும் தொடங்கிவிடுங்கள்.